உப்புப் படிந்த லென்ஸ்

பகல் முழுக்க எனக்குக் கூர்மைதான் தொழில்.
வெள்ளவத்தையில், நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
ஒன்பதடி அகல ஸ்டூடியோ.
காது இரண்டும் தெரியவேண்டும். சிரிக்கக் கூடாது.
கன்னத்தில் நிழல் விழுந்தால் கனடாக்காரன் திருப்பி அனுப்புவான்.
நாடியை இறக்குங்கோ, இன்னும் கொஞ்சம், அப்படியே.
ஒரு நாளைக்கு நாற்பது முகம்.
நாற்பதிலும் புருவமயிரை எண்ணலாம்,
ஒன்றிலும் ஆள் இல்லை.

புளோரின் வந்தது கடை பூட்டுகிற நேரம்.
குடையைச் சுருக்கி வாசலில் சாத்திவிட்டுச் சொன்னா:
"என்னைத் தெரிஞ்ச ஆளுக்கு நான்தான் எண்டு விளங்கவேணும்.
மற்ற ஒருத்தருக்கும் விளங்கக்கூடாது.
அப்பிடி ஒரு படம் எடுப்பியளோ?"
ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.
விலை மட்டும் சொன்னேன்.
பிறகு அதையும் குறைத்தேன்.

முதலில் லென்ஸில் ஊதினேன்.
மூச்சு மூன்று விநாடி நிற்கும், பிறகு ஓரத்திலிருந்து கழன்று போகும்.
அதற்குள் எடுத்தால்
பால்கஞ்சிக்குள் விழுந்த முகம்.
"இது செத்தவீட்டுப் படமெல்லோ," என்றா. சரிதான்.
அடுத்தது வசிலின்,
முன்கண்ணாடியில் பூசி, நடுவில் இரண்டு ரூபாய்க் குற்றியளவு துடைத்து.
கண் மட்டும் தெளிந்து வந்தது.
காட்டிக்கொடுக்கக் கண் போதுமே.
கடைசியாகக் கறுப்புக் காலுறைத் துணி,
மனைவிக்குத் தெரியாமல் வெட்டி வைத்திருந்தது.
விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் பூத்து
கொச்சிக்கடைச் சுரூபம் மாதிரி ஆகிவிட்டா.
"நான் அவ்வளவு நல்லவ இல்லை,"
முதல்முறை சிரித்தா.

வாருங்கோ என்று தண்டவாளத்தைத் தாண்டிக் கூட்டிப்போனேன்.
ஐப்பசிக் கடல்.
பாறையில் மோதி எழுகிற தூவானம் லென்ஸில் உப்பாய் ஒட்டும்.
இருபது வருசம் அதைத் துடைத்தே தேய்ந்த துணி என் பையில்.
அன்றைக்கு வெளியே எடுக்கவில்லை.
பாணந்துறை ரயில் தூரத்தில் கூவியது.
ஷட்டரைக் கால் விநாடிக்கு இறக்கினேன்,
முக்காலி இல்லை, வெறும் கை,
என் நாடித்துடிப்பும் கொஞ்சம் கலக்கட்டும் என்று.

ரயில் ஓடியது. வாசலில் தொங்கியவர்களின் சட்டைகள் எல்லாம்
நீளமான ஒரு வெள்ளைக் கோடு.
அசையாமல் நில்லுங்கோ என்றுதான் சொன்னேன்.
காற்று குடையைப் பிடுங்கியது.
இடது கையால், வலது கையால் இல்லை,
தலைமயிரைப் பிடரியோடு சேர்த்து அமத்தி,
பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி,
திரும்பினா.

திரையில் பார்த்தோம்.
கண் கரைந்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் வெளிச்சம்.
நெற்றியில் பொட்டா இல்லையா, எவரும் கேட்க முடியாது.
சேலையோ சட்டையோ, ஒரு மஞ்சள்.
பின்னால் கடலோ மதிலோ.
ஆனால் அந்த முழங்கை மடிப்பு.
தலையைத் தேடிக் கை போகிற சரிவு.
எனக்கும் புளோரினுக்கும் ஒரு மணித்தியாலப் பழக்கம்,
எனக்கே ஆளைத் தெரிந்தது.

முன்பு இந்த வீதியில்
அட்டையில் உள்ள முகமும் ஆளின் முகமும் ஒத்துவராவிட்டால்
பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்துவார்கள்.
டோர்ச் வெளிச்சம் அட்டைக்கு, முகத்துக்கு, திரும்ப அட்டைக்கு.
எத்தனையோ அட்டைக்கு எங்கள் கடைதான் படம்.
கூர்மை தவறினால் என்ன நடக்கும் என்று
பொடியனாக இருக்கும்போதே படித்த கை இது.
அதனால்தானோ என்னவோ
நல்ல படம் என்று தெரிந்த பிறகும் நடுங்கியது.

"காதைக் காணேல்லையே," என்றா, பகிடிக்கு.
கனடாவுக்குப் போகாது, என்றேன் நானும்.
"போகும்," என்றா.

அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை.
குடையின் ஒரு கம்பி முறிந்திருந்தது,
அதை நிமிர்த்த நிமிர்த்த மழை பிடித்துக்கொண்டது.

காலையில் முதல் வந்த பையனின்
கடவுச்சீட்டுப் படத்தில்
இடது காதோரம் கொஞ்சம் கடல்.
துடைத்துவிட்டு, திரும்ப எடுத்தேன்.